நான்காவது சாப்பாடு

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்திருந்தது. ஆய்வு மாணவி வைத்த நான்காவது கிண்ணத்தில் ஓர் அசுவினிகூடச் சாகவில்லை.

செடிச் சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சிகளுக்கு, மெல்லிய சவ்வுக்குப் பின்னால் சர்க்கரைக் கரைசல் வைப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் சாப்பாடு. நான்காவதில் மட்டும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு கலந்திருந்தது. குடல் சுவரில் போய் ஒட்டும்படி அவர்கள் மாற்றியமைத்த நஞ்சு. முதல் நாளே பூச்சி குடிப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாம் நாள் குடல் கரைந்திருக்க வேண்டும். ஆனால் அடியில் விரித்த தாளில் பூச்சிகளின் கழிவு தேன்துளிகளாகப் பளபளத்தது. வயிறு முட்டக் குடித்திருந்தன.

"உன் பூச்சிங்களுக்கு ஆயுசு கெட்டி," என்றாள் சீனியர் அக்கா. "வெறும் சர்க்கரைத் தண்ணிய ஊத்திட்டியா?"

இல்லை. பாட்டிலில் 'சாப்பாடு 4' என்று மாணவியே எழுதியிருந்தாள். சோதனைக்கு முந்தைய நாள் ஆய்வக ஃப்ரிட்ஜ் பழுதானபோது, யாரிடமும் சொல்லாமல் அதை ஓர் இரவு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அவ்வளவுதான்.

மாலையில் வீட்டுக் கதவைத் திறந்ததும், குப்பைக்கூடையை இரண்டு முறை கழுவியும் மூன்று நாளாகப் போகாத அந்தப் புளித்த இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. மேசையில் ஒரு டம்ளர், விளிம்பு வரை தண்ணீர். ஜன்னல் கட்டையில் ஒன்று. தையல் மெஷின் மேல் இன்னொன்று, தண்ணீரில் தூசி படிந்து.

அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, தண்ணியே குடிக்கலையா?"

"எடுக்கத்தான் செய்றேன். இறங்க மாட்டேங்குது."

டம்ளரை வாயில் வைத்தாள். தொண்டை அசையவில்லை. தண்ணீர் மோவாயில் வழிந்தது. விரிப்பில் சொட்டியது. ஒரு துளி. இன்னொரு துளி. பளபளப்பாக.

மகள் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுத்தது.

"அம்மா, ஃப்ரிட்ஜ்ல இருந்த என் பாட்டில்..."

அம்மா திரும்பவில்லை.

"திட்டாதே கண்ணு. அன்னைக்குத் தலை சுத்திச்சு. சாப்பாடுன்னு எழுதியிருந்துச்சு, இனிப்பா இருந்துச்சு, குடிச்சுட்டேன். நீ கேப்பியேன்னு சர்க்கரையைக் கரைச்சு ஊத்தி வச்சேன்."