சிவப்பு விளக்கு அணையும் நேரம்

தணிகாசலத்தின் மணிக்கட்டில் பணிப்பட்டை சிவப்பாகவே இருந்தது. மூன்று மணி. வேலை முடிந்ததும் பட்டை பச்சையாகும். உடனே வீட்டுக்குப் போகலாம். சட்டமே அப்படித்தான். நாட்டின் எல்லா அலுவலகங்களுக்கும் வேலையைப் பங்கு போடும் பணிமூளை என்ற கணினி மூன்று வருடங்களுக்கு முன் வந்த பிறகு, கடிகாரம் பார்த்து வேலை செய்யும் கொடுமை ஒழிந்ததாகச் சொன்னார்கள். வேலூர் நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் மட்டும் ஏனோ ஏழு மணிக்குக் கதவைப் பூட்டும்வரை பச்சை எரிந்ததே இல்லை.

அவருக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மனைவி ரேணுகாவுக்குப் பரிசோதனைக்கூடத்தில் இரவு வேலை; ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள்.

"இன்னைக்காவது வெளிச்சத்துல வாங்க. உங்க மொகமே மறந்துடும் போலிருக்கு" என்று காலையில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அறையைப் பார்த்தார். ஷகிலாவும் மற்றவர்களும் தலை நிமிராமல் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களை உட்காரவைத்துவிட்டு அதிகாரியான தான் எழுந்துபோனால் நன்றாகவா இருக்கும்? சிவப்பில் கிளம்பினால் பதவி உயர்வும் போச்சு. போனால் போகட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு, திருடனைப் போல நழுவினார்.

படியில் கால் வைத்ததும் பட்டை பச்சையானது. மேலே நாற்காலிகள் தடதடத்தன. கைப்பையோடு ஓடிவந்த ஷகிலா அவரைப் பார்த்து அசடு வழிந்தாள்.

"எல்லாருக்கும் பச்சை சார்! நீங்க போகாம நாங்க எப்படிப் போறதுன்னு..."

"நீங்க இருக்கீங்களேன்னுதான் நான் இருந்தேன்மா!"

தணிகாசலம் பட்டையை வாயருகே கொண்டுபோனார். "வேலை இப்பதான் முடிஞ்சுதா?"

"காலையிலேயே முடிஞ்சுது சார்" என்றது பணிமூளை. "நீங்க எழுந்திருக்காம நான் எப்படி முடிஞ்சுதுன்னு சொல்றது? மரியாதையா இருக்குமா? இந்த ஆபீஸ்ல கத்துக்கிட்டதுதான்."

"அப்போ மத்தியானமெல்லாம் நாங்க செஞ்சது?"

"காலையில செஞ்சதுதான் சார். வரிசை மாத்திக் குடுத்தேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது, மூன்று வருடப் பாரம் தோளிலிருந்து இறங்கிய சிரிப்பு. தெருவில் வெயில் அடித்தது. வேலைநாளில் இந்த வெயிலைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

கதவைத் திறந்த ரேணுகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். காபி போடு, பேசிட்டே குடிக்கலாம்."

முதல் வாய் காபி இறங்குவதற்குள் பட்டை முனகியது. "சார், நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? அதுக்கேத்த மாதிரி வேலையை முடிச்சுடறேன்."

பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு பழக்கத்தை விடவில்லை. "சென்னையில டைரக்டர் எப்போ கிளம்புவார்?"

"அவர் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கார். நீங்க கிளம்பிட்டீங்களான்னு தினமும் என்னைக் கேட்பார் சார். கீழே இருக்கவங்க வேலை செய்யும்போது தான் எப்படிப் போறதுன்னு."

ரேணுகா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, பட்டையிடம் சொன்னாள்: "கிளம்பிட்டார்னு சொல்லுப்பா. பாவம், அவரும் வீட்டுக்குப் போகட்டும்."