முப்பத்தொரு வீடுகளுக்கு ஓர் அறிவிப்பு

"உங்களை எனக்குத் தெரியாதுங்க. தெரியாதவங்ககூடப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

கறாராகத்தான் சொன்னாள் அறிவுச்செல்வி. சொன்ன பிறகுதான் எதிரில் நின்றவனை நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து மழை வழிந்துகொண்டிருந்தது... இமைகளில் துளித்துளியாக நீர் கோத்திருந்தது... அந்த ஈரத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள், துளியும் கோபமில்லாமல் அவளைப் பார்த்தன.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊராட்சிப் பள்ளிக்கு அவள் ஆசிரியையாக வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர் வாழப்பாடி. ராசிபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு அவள் பொறுப்பு. மழை வலுக்கிறது என்று அன்று சீக்கிரமே பள்ளியை விட்டிருந்தார்கள்.

"தனப்பிரியா எங்கக்கா புள்ளைங்க. நான் அவ தாய்மாமன், கௌதமன்."

"மாமான்னு யாரு வேணும்னாலும் சொல்லலாமே. அவங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்க."

"அக்கா தறியில இருக்குதுங்க. பட்டன் போனு. தறிச் சத்தத்துல அடிச்சாலும் கேக்காதுங்க."

"டீச்சர், நெசமாவே எங்க மாமாதானுங்க," என்று தனப்பிரியா அவள் முந்தானையை இழுத்தாள்.

"டீச்சரு சொல்றது சரிதான் சாமி," என்றான் அவன். "நாளைக்கு வேற எவனாச்சும் வந்து மாமான்னு நின்னா என்ன பண்றது? ஆறு மணிக்கு அம்மா வந்துரும். அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்."

"மழையில எதுக்கு நிக்கறீங்க? உள்ள வாங்க."

"தெரியாதவனை உள்ள உட்டா தப்புங்களே, டீச்சர்."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... உதடு கேட்கவில்லை.

ஆறு மணிக்கு அவனுடைய அக்கா ஆராயி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அட, எந் தம்பிதானுங்க டீச்சர்!" என்றாள். கணவனை இழந்தவள். தறி ஓட்டி மகளைப் படிக்கவைக்கிறாள். கௌதமன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். வடக்கே மழைக்காலம் முடியும்வரை ஊரில் இருப்பான். ஆயுத பூஜை முடிந்ததும் வண்டியோடு சத்தீஸ்கர் போய்விடுவான். இதெல்லாம் அன்று ஆராயி சொல்லித் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவனே வந்தான்.

"நாலாம் வகுப்புக் குரூப்புல எந் நம்பரச் சேத்துக்கோங்க. அக்காளுக்கு வாட்ஸ்அப் இல்ல. நான் கேட்டு, போன் பண்ணிச் சொல்லிருவனுங்க."

"அவ்வளவு தூரம் போனா டவர் கிடைக்குமா?"

"கெடைக்கற எடத்துக்கு நடந்து போயிக் கேப்பனுங்க."

வகுப்பில் முப்பத்தொரு குழந்தைகள். பெற்றோரில் பலர் தறிக்காரர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். அதனால் செல்வி எதையும் தட்டச்சு செய்வதில்லை. பேசியே அனுப்புவாள். 'நாளைக்குப் பூச்சி மாத்திரை குடுக்கிறோம், பிள்ளைகளைச் சாப்பிட வெச்சு அனுப்புங்க...' 'வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம், அம்மாக்கள் கண்டிப்பா வரணும்...' மாலை ஆறரைக்குப் பேசினால், ஏழு மணிக்குள் வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து நிற்கும்.

வடக்கே போன பிறகும் ஒருவனிடமிருந்து மட்டும் குரல் வரும்.

"சரிங்க டீச்சர்."

இரண்டே சொல். அதன் பின்னால் ஒரு நாள் இயந்திரத்தின் இரைச்சல்... ஒரு நாள் வெறும் காற்று... ஒரு நாள் யாரோ இந்தியில் எதையோ விலை பேசும் சத்தம். அந்த இரண்டு சொல்லுக்காக அவள் ஏழு மணிவரை போனைக் கையிலேயே வைத்திருக்கத் தொடங்கினாள். அது எந்த நாளில் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது.

அறிவிப்புகள் மெல்ல நீண்டன. "இன்னிக்கு ராசிபுரத்துல நல்ல மழை. மண்ணு வாசம் தூக்குது. பிள்ளைங்களுக்குக் குடை குடுத்தனுப்புங்க." மண்வாசம் முப்பத்தொரு வீட்டுக்குமான சேதியா? இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இங்க வெயில் காயுதுங்க டீச்சர். அதுல கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி வையுங்க," என்று பதில் வந்தது. அன்று விடுதி மாடியில் துணி எடுக்கப் போனவள், துணியை மறந்து நனைந்துகொண்டே நின்றாள்.

கார்த்திகையில் தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் அவளால் பேச முடியவில்லை. மூன்றாம் நாள் குழுவில் அவன் குரல் வந்தது.

"டீச்சர்... ரெண்டு நாளா உங்க சத்தத்தையே காணமுங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே? உங்க சத்தம் கேக்காம பொழுது சாஞ்ச மாதிரியே இல்லீங்க."

முப்பது வீடும் கேட்டது. சிரிக்கும் பொம்மைகள் வந்து விழுந்தன. 'டீச்சருக்கு வடக்கயும் ஆளு இருக்குதாட்டம் இருக்குது' என்று ஒரு தாய் எழுதினாள்.

மறுநாள் தலைமையாசிரியை உஷாராணி அதிகம் பேசவில்லை. "ஊரு வாய்க்கு நாம இடம் குடுக்கக் கூடாது செல்வி," என்றார். அவ்வளவுதான். ஆனால் செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் கேட்டது தப்பென்று தோன்றவில்லை... தனக்குத் தானே ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஊரே கண்டுபிடித்துவிட்டதே என்றுதான் எரிந்தது. அந்த வேகத்தில், முதல் முறையாகப் பேசாமல் எழுதினாள்.

'இக்குழு பெற்றோருக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் விலகிக்கொள்ளவும்.'

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'கௌதமன் வெளியேறினார்' என்று வந்தது.

ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எண் அவளிடம் இருந்தது. 'அவராத்தானே போனாரு' என்று ஒரு நாள்... 'டீச்சர் நான், எப்படி முதல்ல கூப்பிடறது' என்று ஒரு நாள்... மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆறரைக்குப் பேசினாள், கட்டைவிரல்கள் வந்தன. ஏழு மணிக்கு மேல் அந்த மாலைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மார்கழி தொடங்கும் முன் புயல் மழை பிடித்தது. ஒரு நாள் விடிகாலையில் விடுமுறை அறிவித்தார்கள். செல்வி உடனே குழுவில் சொன்னாள். மறுநாள் பள்ளி திறந்தபோது தனப்பிரியாவின் இடம் காலியாக இருந்தது.

"டீச்சர், நேத்து லீவுன்னு அவளுக்குத் தெரியாதுங்க," என்றாள் பக்கத்து இடத்துப் பிள்ளை. "அவங்கம்மா ஊட்டைப் பூட்டிட்டுத் தறிக்குப் போயிட்டாங்க. இவ ஸ்கூலுக்கு வந்து, பூட்டுன கேட்டுகிட்டயே நின்னாளாம். மத்தியானம் எங்கம்மா பாத்துத்தான் கூட்டிட்டு வந்தாங்க. இப்பக் காச்சலுங்க."

செல்வியின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிட்டது. அன்று அவள் குழுவைவிட்டுப் போகச் சொன்னது ஒருவனை மட்டுமல்ல... ஆராயியின் வீட்டையே வெளியே தள்ளிவிட்டிருக்கிறாள்.

அன்று மாலை ஆராயி வீட்டுக்குப் போனாள். குழந்தையின் நெற்றி கொதித்தது. ஆராயி அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தெனமும் தம்பி போன் பண்ணி, நீங்க சொன்னத அப்பிடியே உங்களாட்டவே சொல்லிக் காட்டுவானுங்க. எனக்குச் சிரிப்பா வரும். இந்த மூணு வாரமா, டீச்சரு ஒண்ணும் சொல்லலையாடான்னு கேட்டா, 'இல்லக்கா'ன்னு வெச்சர்றான். என்னன்னே தெரியலீங்க."

"நான்தான்க்கா காரணம்," என்று செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். ஆராயி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் காப்பி போட்டு வந்தாள். பிறகு, "மொதல்ல காப்பியக் குடிங்க கண்ணு," என்றாள்.

அதன் பிறகு தினமும் பள்ளி விட்டதும் அங்கே போனாள். கஞ்சி ஊட்டினாள், விட்டுப்போன பாடத்தைக் கதையாகச் சொன்னாள். நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தூறலுக்கு நடுவே வாசலில் ஒரு பை விழும் சத்தம் கேட்டது.

கௌதமன். காய்ச்சல் சேதி கேட்டு ரயிலேறி வந்த கசங்கிய சட்டை, மழிக்காத முகம். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மூச்சு விட்ட பிறகுதான் அவளைப் பார்த்தான். ஆராயி கடைக்குப் போகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

"என் தப்புங்க," என்றாள் செல்வி.

"இல்லீங்க. அத்தனை பேரு முன்னால உங்களைத் தலைகுனிய வெச்சுட்டனேன்னு போனேன். போனவன் அக்காளுக்கு வேற வழி பண்ணாம போனனே... அது என் தப்பு."

"அன்னிக்கு நான் ஏன் எழுதிப் போட்டேன் தெரியுமா?"

அவன் வாசலில் கிடந்த பையை எடுத்து உள்ளே வைத்தான்.

"பேசியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க... நான் பொய் சொல்றேன்னு."

"என்ன பொய்யிங்க?"

"நீங்க போகணும்னு சொன்னது."

வெளியே தூறல் தடித்தது. பக்கத்து வீட்டுத் தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்கள் அவளைவிட்டு விலகவில்லை... அவளும் இந்த முறை பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"நான் பத்தாவதோட நின்னவனுங்க," என்றான் மெல்ல. "வருசத்துல எட்டு மாசம் வடக்க கெடக்கறவன். அதை நெனச்சுத்தான் இத்தன நாளும் வாயத் தொறக்கல. ஆனா, வேல முடிஞ்சு உங்க சத்தத்தைக் கேட்டாத்தான் அன்னிக்கு நான் ஊரு வந்து சேர்ந்த மாதிரி இருக்குமுங்க. உங்களை அவ்வளவு புடிச்சிருக்குது. தப்புன்னா சொல்லிருங்க, இப்பவே போயிர்றேன்."

"எங்கப்பா வாழப்பாடில பாக்கு வியாபாரம் பண்றார்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பார். உங்கக்காவைக் கூட்டிட்டு வாங்க."

"வந்து... என்னன்னு சொல்றதுங்க?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களைப் பிடிச்சிருக்குன்னு நான் நேத்தே போன்ல சொல்லிட்டேன்."

"அய்யா என்ன சொன்னாருங்க?"

"ரொம்ப நேரம் பேசவே இல்ல." கண்கள் நிறைந்திருக்க, அவள் சிரித்தாள். "அப்புறம், 'மொதல்ல ஆளைக் காட்டு'ன்னார்."