இடது முன்சீட்

காருக்குள் கமலக்கண்ணனைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் டேஷ்போர்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. இடது முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு. கூடவே டிங், டிங் என்று விடாத ஒரு மணி.

திரும்பிப் பார்த்தார். பழுப்பேறிய பாலித்தீன் உறைக்குள் வெறும் சீட்.

"சென்சார் கோளாறு" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார். மணியை நிறுத்த வேறு வழி தெரியாமல், ஆளில்லாத சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. பெல்ட் மட்டும் சீட்டோடு சேர்ந்து படியவில்லை. ஒரு சாண் தள்ளி, ஏதோ ஒன்றின் மேல் சாய்ந்ததுபோல நின்றது. அவர் சட்டென்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியையும் அணைத்தார்.

ஆரணியில் கமலக்கண்ணனின் கார் புதுக்கார். ஏழு வருடத்துக்கு முந்தைய புதுக்கார் என்பது அவருக்கும், சென்னைத் தரகர் பிரபாகரனுக்கும், ஆர்சி புத்தகத்துக்கும் மட்டும் தெரியும். புதுக்கார் வாங்குகிறவர்கள் சீட்டு உறையைப் பிரிக்க மனம் வராமல், அது கிழிந்து தொடையில் ஒட்டும்வரை அதன்மேலேயே உட்கார்ந்து போவார்கள். அதில் ஒரு கௌரவம். பழைய காருக்கு உறை வாங்கி மாட்டியவர் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அதிலும் இடது முன்சீட்டுக்கு அந்தச் செலவு மிச்சம். வாங்கும்போதே அதில் உறை இருந்தது.

"அத்த மட்டும் பிரிக்காதீங்கண்ணா. அப்டியே உட்டுடுங்க" என்றார் பிரபாகரன்.

தன் சூட்சுமத்தைத் தரகர் மோப்பம் பிடித்துவிட்டார் என்று நினைத்துக் கமலக்கண்ணன் கண்ணடித்தார். பிரபாகரன் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் சுகன்யாவுக்கு ராணிப்பேட்டையில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா சிவப்பிரகாசம் தோல் ஏற்றுமதி செய்கிறவர். செருப்பைக் கையில் எடுத்தால் மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. நேற்று அவர் போனில் சிரித்தார். "இன்னும் கவரு பிரிக்கலீங்களா? பட்டிக்காட்டு ஆளுங்க மாதிரி! தோலு மூச்சு உடணுங்க." இன்று மாலை சம்பந்தி வீட்டாரோடு அந்தக் காரில் படவேட்டுக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அந்தக் கண்ணுக்கு முன்னால் சீட்டின் வயது தெரிந்துவிட்டால், ஊருக்கு அவர் சொல்லிவைத்த பொய் சம்பந்தத்தோடு சேர்ந்து சந்தி சிரிக்கும்.

கார் கழுவும் கடையில் விட்டால் விஷயம் மறுநாளே கடைவீதி முழுக்கத் தெரிந்துபோகும். அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷெட் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷ், துணி, தோல் கழுவும் நுரை, தோலை இளக்கும் கண்டிஷனர் பாட்டில் சகிதம் அவரே இறங்கியிருந்தார்.

டேஷ்போர்டு சமத்தாக நடந்துகொண்டது. ஏசி துவாரங்களின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் ஒற்றி, பாலிஷைத் தொட்டுத் தேய்த்தார். உறையைக் கழற்றிய பின்சீட்டும் டிரைவர் சீட்டும் வயதான தோல்கள், வயதானவர்களைப் போலவே இருந்தன; வெடிப்புகளில் கண்டிஷனரை அழுத்தித் தேய்த்ததும் கொஞ்சம் மானத்தோடு பளபளத்தன. பக்கத்து வீட்டுப் பவர்லூம் நான்கும் சுவர் அதிர ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி. அது இருக்கும்வரை எதுவும் தப்பாக நடக்காது.

கடைசியாக இடது முன்சீட். உறையைப் பிளேடால் கீறினார்.

முதலில் வந்தது வாசனை. பவுடர், தேங்காய் எண்ணெய், கசங்கிய கனகாம்பரம், அதற்கெல்லாம் அடியில் நெடுநாள் மூடிவைத்த அறையில் ஒருவர் தூங்கி எழுந்ததுபோன்ற வெக்கை. உள்ளே கிரீம் நிறத் தோலில் ஒரு குழிவு இருந்தது. இரண்டு தொடைகள், ஒரு முதுகு, மேலே தலை சாய்ந்த இடம். நுரையைப் போட்டுத் தேய்த்தார். துணியில் அழுக்கு வந்தது. குழிவு போகவில்லை.

பட்டு வியாபாரிகள் துணியை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பதில்லை, புறங்கையால் தடவித்தான் தரம் சொல்வார்கள். பழக்கதோஷத்தில் கமலக்கண்ணன் புறங்கையைச் சீட்டில் ஓட்டினார். வெதுவெதுப்பு. மிருதுவென்றால் அப்படி ஒரு மிருது. சீட்டின் தையலோரம் கரிய நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். காரை விட்டுத் தள்ளிப் போய் லைட்டரால் கொளுத்திப் பார்த்தார். நல்ல பட்டு எரிந்தால் கருகின முடி வாசனை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். இந்த நூலும் அப்படியே அடித்தது, அப்படியே பொடிந்தது.

"பட்டுல தைச்சிருக்கான்யா!" என்று பூரித்துப்போனார். சிவப்பிரகாசத்திடம் இதை எப்படிப் பேச்சோடு பேச்சாகச் சொல்வது என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து அடுத்த நூலை இழுத்தார்.

அதன் நுனியில் வெள்ளையாக, கடுகில் பாதி அளவு, ஒரு வேர் இருந்தது.

முடி எரிந்தாலும் முடி வாசனைதான் வரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கரண்ட் போனது.

பவர்லூம் நான்கும் ஒரே நேரத்தில் நின்றன. காதுக்குள் திடீரென்று ஒரு பள்ளம். ஷட்டர் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். தன் மூச்சுதான் கேட்கிறது என்று நினைத்து மூச்சை அடக்கினார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

"இன்னாங்க!" ஷட்டருக்கு வெளியே மனைவி சுபலட்சுமியின் குரல். "உள்ள யாரு கூட பேசிகினு இருக்கீங்க?"

"யார் கூடவும் இல்ல."

"பொம்பள கொரலு கேட்டுச்சே."

"ரேடியோ."

"ரேடியோவாம் ரேடியோ! சம்பந்தி வூட்டுக்காரங்க பாதி வழி தாண்டிட்டாங்களாம். ஜல்தி வந்து சட்டைய மாட்டுங்க. லுங்கியோட நிக்காதீங்க, மானம் போவுது!"

மானம். அந்த ஒரு சொல் அவரை அசைத்தது. பாட்டிலைத் திறந்து கண்டிஷனரைச் சீட்டின் மேல் கவிழ்த்தார். தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஊற்றியது ஊற்றியபடி உள்ளே போனது. இன்னும் ஊற்றினார். போனது. முழு பாட்டிலும் தீர்ந்தபோது, போன் டார்ச் வெளிச்சத்தில், குழிவின் ஓரத்து வெடிப்புகள் மூடிக்கொண்டிருந்தன. கிரீம் நிறத்தில் மெல்லிய ரோஜா நிறம் ஏறியது. சின்னச் சின்னத் துவாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி வியர்வை.

சீட் புத்தம் புதிதாக இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கிழித்த பாலித்தீனைத் திரும்பச் சுற்றப் பார்த்தார். ஒட்டவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது.

சிவப்பிரகாசம், அவர் மனைவி, மாப்பிள்ளை மூவரும் காபி குடித்துவிட்டு ஷெட்டுக்கு வந்தார்கள். சிவப்பிரகாசம் குனிந்து இடது முன்சீட்டை விரலால் தடவினார். கண்ணை மூடினார். மறுபடி தடவினார்.

"முப்பது வருசமா தோல்லயே கெடக்கறேங்க. இந்த மாதிரி ஒண்ண தொட்டதே இல்ல. இன்னா ஜீவன்! புத்தம் புதுசுங்க இது."

கேட்டருகே அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. கமலக்கண்ணனின் மார்பு அவரைக் கேட்காமலே நிமிர்ந்தது.

"முன்னாடி நீங்க உட்காருங்க சம்பந்தி" என்றார். உள்ளுக்குள் போட்டு வைத்த கணக்கு அதுதான். உட்காருவது அவராக இருக்கட்டும்.

"எனக்கு முட்டி மடங்காதுங்க, டேஷ்போர்டு இடிக்கும். நாங்க மூணு பேரும் பின்னாடி சாஞ்சிக்கிறோம். மருமவ முன்னாடி உட்காரட்டும்."

தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். இது பழைய கார், அந்தச் சீட் சரியில்லை. அவ்வளவுதான். வாக்கியம் தொண்டைவரை வந்தது. கேட்டருகே நின்றவர்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகன்யா அரக்கு நிறப் பட்டில், தலையில் மல்லிகைச் சரமும் கை நிறைய வளையலுமாக, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரும்மா" என்றார் கமலக்கண்ணன்.

உட்கார்ந்தாள். குழிவு அவளுக்கென்றே எடுத்த அளவாக இருந்தது.

"அப்பா, சீட்டு சூடா இருக்குப்பா."

"வெயில்ல நின்னுச்சும்மா."

ஷெட்டுக்குள் என்றைக்கும் வெயில் வந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

விருந்துச் சமையலுக்காகச் சுபலட்சுமி வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஊர் தாண்டும்வரை சுகன்யா பேசினாள். பிறகு ஒருமுறை "அப்பா" என்றாள், மெதுவாக. ஏதோ கேட்கப் போகிறவள்போல. கேட்கவில்லை. அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லாரி. புளியமரம். ஷிப்ட் முடிந்து போகும் கம்பெனி பஸ். பின்னால் சிவப்பிரகாசம் தோல் பதப்படுத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எண்ணெய் குடிக்கக் குடிக்கத்தான் தோல் இளகுமாம். தாகம் தீராதாம்.

இடது பக்கமிருந்து ஒரு சத்தம். மெலிதாக. ஈரமாக. யாரோ கடைசி வாய் மோரை உறிஞ்சுவதுபோல.

வளையல் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

திரும்பாதே. சாலையைப் பார். கண்ணமங்கலம் வந்துவிட்டது. கடைகள். விளக்குகள். ஆட்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்.

இனி சாலையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

திரும்பினார்.

புடவை உட்கார்ந்திருந்தது. மடிப்புக் கலையாமல், நேராக. ரவிக்கைக் கைகள் இரண்டும் மடியில் வந்து முடிந்தன. முடிந்த இடத்தில் வளையல்கள் குவிந்து கிடந்தன. கழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. மல்லிகைச் சரம் மட்டும் சீட்டின் தலைப்பகுதியில் சூடியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டு மெல்ல, காற்று இறங்குவதுபோல, ஒவ்வொரு மடிப்பாகத் தொய்ந்தது.

பின்னாலிருந்து சிவப்பிரகாசம் கையை நீட்டி, சீட்டின் தோள்பட்டையை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார்.

"ஊரு தாண்டினதுலேர்ந்து ஒரு பேச்சு இல்ல. பொண்ணு ரொம்ப அடக்கங்க" என்றார்.

அவர் விரல் பட்ட இடத்தில், அந்தக் கிரீம் நிறத் தோல் கூச்சத்தில் சிலிர்த்தது.