ஐந்தையா, ஐந்திலிருந்தா?

என்னை வகுப்பில் எல்லோரும் 'ஒருநிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் செய்தாலும் நான் "ஒரு நிமிஷம், இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பேனாம். பெயரை வைத்தது வேறு யாரும் இல்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காரும் தோழிதான். பதிலுக்கு நான் அவளுக்கு 'கலெக்டர்' என்று வைத்தேன். அழிரப்பர் கேட்டால்கூட உத்தரவு போடுவது போலத்தான் கேட்பாள்.

அவள்மேல் எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் கொஞ்சம் கூடக்குறையச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்துக்குள் திடீரென்று x வந்து உட்கார்ந்துவிட்டது. "நம்பர் இருக்க வேண்டிய இடத்துல எழுத்துக்கு என்ன மிஸ் வேலை?" என்று கலெக்டர் கேட்டேவிட்டாள். பாதி வகுப்பு x-ஐப் பார்த்தாலே புத்தகத்தை மூடி வைத்தது.

அதனால் கணக்கு மிஸ் ஒரு புதிர் விளையாட்டுச் செய்துகொண்டு வந்தார். மொத்தம் இருபது அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் இடது பாதியில் x வருகிற ஒரு கணக்குக் கோவை, வலது பாதியில் வார்த்தைகள். ஓர் அட்டை 'ஓர் எண்ணின் இருமடங்குடன் மூன்றைக் கூட்டினால்' என்று முடிந்தால், அதற்குப் பக்கத்தில் 2x + 3 உள்ள அட்டையை வைக்க வேண்டும். இப்படியே வைத்துக்கொண்டே போனால், கடைசி அட்டை முதல் அட்டையோடு வந்து சேர்ந்து வட்டம் மூடிக்கொள்ளும்.

"தப்பா வெச்சா வட்டம் மூடாது. அதனால நான் ஒவ்வொண்ணா திருத்த வேண்டியதில்ல. எப்படி நம்ம மூளை?" என்று மிஸ் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை போட்டி. இரண்டு இரண்டு பேராக விளையாட வேண்டும்; ஜோடிக்கு ஒரு கட்டு அட்டை. முதலில் வட்டத்தை மூடுகிற ஜோடி, மறுநாள் சனிக்கிழமை பள்ளிகளுக்கு இடையே நடக்கும் புதிர்ப் போட்டிக்குப் போகலாம்.

எனக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்தது. என்னை இதுவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. குழுப்பாட்டில்கூடப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள்.

கலெக்டருக்கோ வேறு கதை. அவளுடைய அக்கா அதே போட்டியில் ஜெயித்து வாங்கிய கோப்பை வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. வாரா வாரம் அதைத் துடைப்பது கலெக்டரின் வேலை.

"இந்த வருஷம் எனக்குன்னு ஒரு கோப்பை வருதுடி. அதை அக்கா துடைக்கட்டும்" என்றாள்.

என் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் நாங்களே அட்டைகள் எழுதி, இரண்டு வாரம் பழகினோம். கலெக்டரின் கை வேகம், என் கண் நிதானம். சேர்ந்தால் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை இப்போதும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ் விசிலை ஊதினார். கலெக்டர் மடமடவென்று அட்டைகளை வைத்தாள். நான் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு அட்டைகள் வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. பன்னிரண்டாவது அட்டை இப்படி முடிந்தது:

'ஐந்தை ஓர் எண்ணிலிருந்து கழித்தால்.'

நான் வாயைத் திறப்பதற்குள் கலெக்டர் 5 – x அட்டையை எடுத்து வைத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்! அது ஐந்திலிருந்து இல்லடி, ஐந்தை!"

"மொதல்ல அஞ்சு வருதில்ல? அப்புறம் என்ன? உன் ஒரு நிமிஷத்துல பக்கத்து ஜோடி முடிச்சுட்டுப் போயிடும்."

வைத்த அட்டையின் வலது பாதியை அவள் படித்தாள். அது நேராக எங்கள் முதல் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. வட்டம் மூடிவிட்டது!

ஆனால் மேசைமேல் இன்னும் ஏழு அட்டைகள் கிடந்தன.

நான் அவற்றைப் பார்த்தேன். கலெக்டரும் பார்த்தாள். அடுத்த நொடி அந்த ஏழையும் வழித்து என் நோட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கையைத் தூக்கினாள்.

"மிஸ், முடிச்சாச்சு!"

மிஸ் ஓடி வந்தார். வட்டத்தைப் பார்த்தார். அட்டைகளை எண்ணவில்லை. "மூடிடுச்சே! சபாஷ்!" என்று சொல்லிக் கரும்பலகையில் எங்கள் இருவரின் பெயர்களையும் எழுதினார். வகுப்பே கை தட்டியது.

கரும்பலகையில் என் பெயரை நான் அதுவரை பார்த்ததே இல்லை, பேசியவர்கள் பட்டியலில்கூட. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கலாம். ஆனால் நோட்டுக்கு அடியில் அந்த ஏழு அட்டைகள் இருக்கின்றனவே!

பக்கத்து ஜோடியைப் பார்த்தேன். இன்னும் இரண்டே அட்டைகள் பாக்கி. அவர்கள் அவற்றைக் கீழே போட்டுவிட்டு எங்களுக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுந்து நின்றேன். "மிஸ், எங்களுது தப்பு. இன்னும் கார்டு மிச்சம் இருக்கு. எண்ணிப் பாக்காம கை தூக்கிட்டோம்."

'தூக்கிட்டோம்' என்றுதான் சொன்னேன். 'தூக்கிட்டா' என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"மிச்சமா? எங்க?" என்றார் மிஸ்.

கலெக்டர் சட்டென்று என் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். "இவதான் மிஸ் இங்க வெச்சுட்டா. எனக்குத் தெரியவே தெரியாது."

வகுப்பு முழுக்க "ஊ..." என்றது. மிஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எங்கள் பெயர்களை டஸ்டரால் அழித்தார்.

"நானும் எண்ணிப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை பக்கத்து ஜோடி போட்டிக்குப் போனது.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ இனிமே நம்ம கடைப் பக்கம் வரட்டும், பேசிக்கறேன்!" என்றார் அம்மா.

திங்கட்கிழமை மாலையே வந்துவிட்டாள். அக்காவின் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வீட்டில் அனுப்பியிருந்தார்கள். அம்மா வாயைத் திறக்காமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு, எந்திரத்தின் மூடியை மட்டும் டமால் என்று போட்டார்.

நான் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸுடைய இருபது அட்டைகளையும் ஞாபகத்திலிருந்து எழுதி, அதே தப்பு வட்டத்தை வைத்திருந்தேன். மூன்று நாளாக எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

"நீ மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றாள் கலெக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ ஒரே ஒரு நிமிஷம் குடுத்திருந்தா ஒழுங்காவே ஜெயிச்சிருப்போம். உக்காந்து பாரு."

உட்கார்ந்தாள். 'ஐந்தை ஓர் எண்ணிலிருந்து' என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"எது மொதல்ல வருதுன்னு பாக்காத. வாலைப் பாரு. 'ஐ' ஒட்டினதுதான் போகுது. 'இலிருந்து' ஒட்டினதுலேருந்துதான் போகுது. இங்க போறது அஞ்சு. அப்ப x – 5 தான் வரணும்."

வட்டத்தை அந்த இடத்தில் திறந்தேன். x – 5 அட்டையை வைத்தேன். அதற்குப் பின்னால் மிச்சம் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் 'ஐந்திலிருந்து ஓர் எண்ணைக் கழித்தால்' என்று வந்து, அந்த 5 – x அட்டையோடு சேர்ந்தது. இருபதும் ஒரே வட்டம்.

கலெக்டர் அட்டைகளை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவள் முகம் கோணிக்கொண்டது. தரையைப் பார்த்தபடி அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லையே!

"மிஸ்கிட்ட தனியா போய்ச் சொல்லிடறேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எம்மேல பழி போட்டப்ப தனியாவா போட்ட? எல்லார் முன்னாடியும்தான போட்ட?"

அவள் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எல்லார் முன்னாலும் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கணக்கு வகுப்பில் எழுந்து நின்றாள். "மிஸ், அன்னிக்கு கார்டை மறைச்சது நான்தான். அவ இல்ல." உத்தரவு போடும் குரல் எங்கே போனதோ, கடைசி வரிசைக்கே கேட்கவில்லை. மிஸ் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னாள். வகுப்பு அவளைப் பார்த்து "ஊ..." என்றது.

இதைக் கேட்டால் ஜில்லென்று இருக்கும் என்று நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. கரும்பலகையில் என் பெயரும் திரும்ப வரவில்லை.

இடைவேளையில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

"அப்ப இனிமே விளையாடவே மாட்டியா?"

"கோவமா இருக்கேன்னுதான சொன்னேன்? விளையாட மாட்டேன்னு எப்ப சொன்னேன்?" என்று கேட்டேன். "உக்காரு. மொதல்ல கார்டை எண்ணு."