அந்தோனி லசோட்டாவின் பெயர்த் திருநாள்

1994 ஜூன் 14, காலை 7.40.

பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஜெனோவெஃபா, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தாள். எழுபத்தெட்டு வயது அந்தோனி லசோட்டா சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. வெள்ளை விரிப்பின்மேல் இரண்டு தட்டுகள். இரண்டிலும் கசகசா கேக்கின் துணுக்குகள். இரண்டு கோப்பைகள், கால்வாசி காலியான வோட்கா பாட்டில். தரையில் பழைய இரும்பு இஸ்திரிப்பெட்டி கிடந்தது.

8.30. மாவட்டத்திலிருந்து இன்ஸ்பெக்டர் ஹலினா குக்லா வந்து சேர்ந்தபோது, ஏட்டு வீத்தெக் வழக்கை முடித்தே வைத்திருந்தான். கொல்லைப்புற அறையில் தங்கிக் கிழவருக்குச் சமைத்துப்போட்ட உக்ரைன்காரி ஒக்சானாவின் கையில் விலங்கு மாட்டியிருந்தது. இஸ்திரிப்பெட்டி முழுக்க அவள் கைரேகை. தினமும் அதில் துணி தேய்ப்பவளின் ரேகை இல்லாமல் வேறு யாருடையது இருக்கும் என்று வீத்தெக் யோசிக்கவில்லை. அவன் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"கிழவரோட அண்ணன் மகன் சாட்சி சொல்லியிருக்காரு மேடம். ராத்திரி டவுன்ல தங்கிட்டு, சித்தப்பாவை இன்னொரு தடவை பார்க்கலாம்னு காலை முதல் பஸ்ல வந்தவரு, பதறிப்போயிட்டாரு, பாவம்."

அந்தப் பாவப்பட்ட ரிஷார்ட் லசோட்டா முகப்பறையில் இருந்தான். வார்சாவில் வேலை, நல்ல சட்டை, வழித்த முகம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கைக்குட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஹலினாவுக்கு அவனைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. பிடிக்காததற்காக யாரையும் சிறையில் போட முடியாது என்பதால் உட்கார்ந்து கேட்டாள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"சாயங்காலம் ஆறு. ஜூன் பதிமூணு, அந்தோனியார் நாள், சித்தப்பாவோட பெயர்த் திருநாளாச்சே. கேக்கு, வோட்கா வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பேரும் வாழ்த்து சொல்லிக் குடிச்சோம், கேக்கு சாப்பிட்டோம். ஏழு பத்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்து கையசைச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுல அந்தப் பொம்பளை மட்டும்தான்."

அவன் ஏழு பத்துக்கு ஏறியதை பஸ் டிரைவர் உறுதிப்படுத்தியிருந்தார். மரணம் மாலை நான்கிலிருந்து எட்டுக்குள் என்றார் டாக்டர். ஒக்சானாவோ மதியம் இரண்டிலிருந்து ஏழரை வரை ஸ்ட்ராபெரி தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். கூட இருபது பேர். திரும்பி வந்ததும் முதுகு வலியில் நேரே தன் அறைக்குப் போய்ப் படுத்ததாகச் சொன்னாள். கிழவர் ஏழு பத்துக்கு உயிரோடு கையசைத்தார் என்றால் அவளுக்குத் தப்ப வழியில்லை. தன் ஊரான லுட்ஸ்கில் ஆறு வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள். மகள் பெயரைத் தவிர வேறெதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

9.15. ஹலினா வீட்டைச் சுற்றி வந்தாள். படுக்கையருகே தண்ணீர்க் குவளையில் கிழவரின் பல்செட் மூழ்கிக் கிடந்தது. தலைமாட்டில் வனத்து அந்தோனியார் படம், காலடியில் பன்றிக்குட்டியோடு. நாற்பது வருடம் பன்றி வளர்த்த ஆளுக்குப் பொருத்தமான சாமிதான். சுவரில் வரிசையாக விருந்துப் புகைப்படங்கள்: அந்தோனி நடுவில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், சுற்றிலும் ஊரே கம்பளிச் சட்டையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக உறைபனி. சமையலறையில் தாள் கிழிக்கும் நாட்காட்டி இன்னும் நேற்றிலேயே நின்றது. பதின்மூன்று ஜூன், கீழே அந்த நாளுக்குரிய புனிதர்களின் பெயர்களில் முதலாவது அந்தோனி.

வேலியோரம் ஜெனோவெஃபா அழுதுகொண்டிருந்தாள். நேற்று மாலை லசோட்டா வீட்டுக்குப் போனாளா என்று ஹலினா கேட்டாள்.

"நேத்தா? நேத்து என்ன விசேஷம்? நானே ஜாம் காய்ச்சிக்கிட்டு இருந்தேன். தெருவுல ஒருத்தரும் போகலை."

கிழவர் எந்த மாதம் பிறந்தவர் என்று மட்டும் ஹலினா கேட்டாள். டிசம்பர் என்றாள் ஜெனோவெஃபா.

10.05. முகப்பறை. ஒக்சானாவையும் உள்ளே கூட்டிவரச் சொன்னாள்.

"ரிஷார்ட், சித்தப்பா வீட்டுக்கு இதுக்கு முன்னாடி எப்ப வந்தீங்க?"

"வேலை, மேடம். ஒரு... பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"தெரியுது. பெயர்த் திருநாளுக்கு நம்ம ஊர்ல யாரையும் கூப்பிடறது இல்லை. தேதி தெரிஞ்சவங்க தானா வருவாங்க, வர்றவங்களுக்குத் தட்டு வெச்சே ஆகணும். இந்த மேசையில ரெண்டே தட்டு. பக்கத்து வீட்டுக்காரி ஜாம் காய்ச்சிக்கிட்டு இருக்கா. ஏன்?"

அவன் கைக்குட்டையை மறுபடி எடுத்தான்.

"அந்தோனியாருக்கு வருஷத்துல ரெண்டு நாள். ஜூன்ல பதுவை அந்தோனியார், ஜனவரி பதினேழுல வனத்து அந்தோனியார். பிறந்த நாளுக்கு அப்புறம் எது முதல்ல வருதோ அதைத்தான் கொண்டாடுவோம். உங்க சித்தப்பா டிசம்பர்ல பிறந்தவர். சுவத்துல இருக்கிற படத்துல எல்லாம் ஜன்னல்ல உறைபனி. ஜூன் மாசம் வாழ்த்து சொன்னா, மனுஷன் கோப்பையைத் தூக்கியிருக்க மாட்டார், வாய்விட்டுச் சிரிச்சிருப்பார். நீங்க சமையலறை நாட்காட்டியைப் பார்த்துக் கதை கட்டினீங்க."

"கேக்கு... நான் வாங்கிட்டுதான் வந்தேன்."

"பல்லு குவளையில கிடக்கு, ரிஷார்ட். அவர் எதைச் சாப்பிட்டார்?"

அதற்குமேல் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஐந்து மணி வாக்கில் வந்திருக்கிறான். கேக்கைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நிலத்தை எழுதித்தரும் காகிதத்தை முதலில் நீட்டியிருக்கிறான். கையெழுத்து விழுந்தபின் பையைத் திறப்பதாக எண்ணம். கிழவர் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. பிறகுதான் விரிப்பைச் சுத்தமாகத் திருப்பிப் போட்டு, கேக்கை வெட்டி, நாட்காட்டியைப் பார்த்திருக்கிறான். பழியைச் சுமக்கக் கொல்லையில் ஒரு பரதேசிப் பெண் இருப்பதும் அவனுக்குத் தெரியும்.

வீத்தெக் ஒக்சானாவின் விலங்கைக் கழற்றி ரிஷார்டுக்கு மாட்டினான். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, பொதுத் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டாள். லுட்ஸ்குக்குப் பேச வேண்டுமாம்.

கிளம்பும்போது ஹலினாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"ரெண்டு தட்டுலயும் துணுக்குதான் இருக்கு. ஒரு துண்டை வெட்டி அவர் முன்னால வெச்சிருந்தாலே போதுமே. அவரோட பங்கு என்ன ஆச்சு?"

ரிஷார்ட் தரையைப் பார்த்தான்.

"பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு," என்றான். "பசிச்சுது."

ஹலினா வெளியே போய், கிணற்றடிக் குழாயில் முழங்கை வரை கை கழுவினாள்.