போத்தலில் ஏறிய மூச்சு

வீரமுத்துவுக்கு ஐந்து வயது. பெயரில்தான் வீரம். பல்லியைக் கண்டாலே அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

அன்று அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவள் அக்கா பஞ்சாலை. அம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போயிருந்தார். கக்குவான் இருமல் வந்து தேறிய பிள்ளைகளின் மூச்சை அளந்து பார்க்க, சிரம்பான் பட்டணத்திலிருந்து டாக்டர் செல்லப்பா வந்திருந்தார்.

மேசைமேல் ஒரு தொட்டித் தண்ணீர். அதில் பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்று நீர் நிறைந்து தலைகீழாக நின்றது. அதன் வாய்க்குள் ஒரு ரப்பர் குழாய். குழாயில் ஊதினால் காற்று போத்தலுக்குள் ஏறும், தண்ணீர் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதைப் போத்தலில் போட்டிருந்த கோடுகள் சொல்லும்.

"முதல்ல இதை ஊதிப் பழகு, பாப்பம்" என்று டாக்டர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். "ஒரே ஊதில அணைக்கோணும்!"

வீரமுத்து மெழுகுவத்தியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். வாயை இறுக மூடிக்கொண்டான்.

குழாயைக் கையில் கொடுத்தபோதும் அவன் கண் மெழுகுவத்தி மீதே இருந்தது. பட்டும் படாமலும் ஒரு சின்ன மூச்சு விட்டான். தண்ணீர் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.

அவனுக்கு முன்னால் ஊதிய சில பிள்ளைகளும் இப்படித்தான்; அவர்களை லாரியடிக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டரின் முகம் வாடியது. "இவனுக்கும் மூச்சுக் காணாது. சிரம்பான் ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சுப் பாக்கோணும். பின்நேரம் லாரியில கூட்டிக்கொண்டு போறன்."

பஞ்சாலை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காட்டில் ஒளிந்திருந்த போராளிகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. நினைத்தபோது அம்மா போய்ப் பார்க்க முடியாது. பல்லிக்கே பயப்படுகிறவன் அங்கே தனியாக எப்படிப் படுப்பான்?

இவனுக்கா மூச்சு இல்லை? காலையில் ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதி, வீடெல்லாம் சாம்பலாக்கியவன் இவன்தானே!

அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "ஏன்டா ஊதல?"

"வெளக்க வாயால ஊதினா அம்மா அடிப்பாங்க" என்றான் அவன், அவள் காதுக்குள்.

பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் அது கேட்டது; எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"டாக்டரய்யா, நெருப்ப கண்டதும் எல்லாம் பயந்து போச்சுலா" என்றாள் பஞ்சாலை. "எங்க வீட்ல வெளக்க ஊதி அணைக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு, கையை வீசி மெழுகுவத்தியை அணைத்தாள். குழாயைத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதுதான் ஊதாங்குழல். அம்மா வேலை விட்டு வர்ற நேரம். தேத்தண்ணி அடுப்பு அணையப் போவுது. ஊதுடா!"

வீரமுத்து கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினான். போத்தலுக்குள் களகளவென்று குமிழிகள் ஏறின. தண்ணீர் கோடு கோடாக இறங்கியது.

"அடேயப்பா! இந்த மூச்சுக்கு ஏன் ஆஸ்பத்திரி?" டாக்டர் சிரித்தார். பிறகு அணைந்த மெழுகுவத்தியைப் பார்த்தார். "என்ர அம்மாவும் உப்பிடித்தான் ஏசுவா. நான் மறந்தே போனன்."

மெழுகுவத்தியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "லாரிக்கு அனுப்பின பிள்ளையளையும் கூப்பிடுங்கோ. எல்லாரும் திரும்ப ஊதட்டும்."

'உம் மவன லாரியில ஏத்தப் போறாங்களாம்' என்று யாரோ தோட்டத்து வேலிக் கேட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா தலைத்துண்டு அவிழ்ந்து விழ, ஓட்டமாக ஓடிவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வீரமுத்து நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, நான் வெளக்க ஊதவே இல்ல!" என்றான் பெருமையாக.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டார்.