விஜயதசமியன்று கத்திய கம்ப்யூட்டர்

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை, சின்னக் காஞ்சிபுரத்தில் ஸௌம்யாவின் வீட்டுக்குள் ஏதோ ஒன்று கத்தியது.

பீ...ப். பீ...ப். பீ...ப்.

"எலி மாட்டிண்டுடுத்தா?" என்று கேட்டபடி அப்பா துடைப்பத்தோடு வந்தார்.

"எலி இப்படித் தாளம் தப்பாம கத்துமாப்பா?" என்றாள் ஸௌம்யா.

கத்தியது எலி இல்லை. கம்ப்யூட்டர். அதன் திரை கன்னங்கரேலென்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஸௌம்யாவின் அண்ணன் ஸுதர்சன், பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்த்தவன்போல் விழித்துக்கொண்டிருந்தான்.

அவன் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஸௌம்யா ஆறாம் வகுப்பு. அப்பா பாஷ்யம், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கத்தியதில் உண்மையாகவே பதறிப்போனது அம்மா பூமாதான்.

அம்மா பட்டுப் புடவைக்கு பார்டர் வரைவாள். பென்சிலால் அல்ல, கம்ப்யூட்டரில். கட்டம் கட்டமாக இருக்கும் திரையில் ஒவ்வொரு கட்டமாக நிறம் கொடுக்க வேண்டும். பூந்தி பொறுக்குகிற பொறுமை வேண்டும் அதற்கு. அப்படிப் பொறுமையாக உட்கார்ந்து அன்னப்பட்சிகள் வரிசையாக நடக்கும் ஒரு பார்டர் வரைந்து முடித்திருந்தாள். கல்யாணப் புடவைக்காக அவள் வரைந்த முதல் பார்டர் அது.

ஐயம்பேட்டையில் தறி போட்டிருக்கும் முனிரத்தினம் அதை வாங்கிப்போக இன்றைக்கு வருவதாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைகளைத் தறியில் மாட்டினால் அன்னம் புடவையில் வந்து நிற்கும். புது வேலையை விஜயதசமியில் தொடங்குவதுதான் அங்கே வழக்கம். முதல் அட்டையை இன்றைக்கே குத்திவிட வேண்டும் என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார்.

"இன்னிக்குக் கொடுக்கலேன்னா பழைய மாங்கா பார்டரையே போட்டுடுவார்" என்றாள் அம்மா.

அப்பா ஸுதர்சன் பக்கம் திரும்பினார். "நீதானே ஏதோ வேகத்தை ஏத்தினேன்னு முந்தாநாள் சொல்லிண்டிருந்தே?"

சொன்னது உண்மைதான். கார் ரேஸ் விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதால், கம்ப்யூட்டர் தன் வழக்கமான வேகத்தைவிட இன்னும் வேகமாக ஓடும்படி ஸுதர்சன் மாற்றி வைத்திருந்தான். மாற்றினானே ஒழிய ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் ஆயுத பூஜைக்குத் துடைக்கும் வேலை வந்துவிட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக்கூடாது.

"வேகத்தைப் பழையபடி ஆக்கிட்டேன்பா. உள்ளே ஒரு குட்டி பேட்டரி இருக்கு. அதைக் கழட்டி மாட்டினா மாத்தினதெல்லாம் அழிஞ்சுடும். அப்பவும் கத்தறது."

"வண்டி மாட்டை ரேக்ளாப் பந்தயத்துல ஓட்டினா படுத்துக்காம என்ன பண்ணும்? இது சரியாகட்டும். அப்பறம் நீ இதைத் தொடவே கூடாது."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரரைத் தேடிப் போனார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரச் சத்தமே கேட்கவில்லை. அம்மா கோபமாக இருந்தால் பாத்திரம் பேசும். பேசாவிட்டால் அழுகிறாள் என்று அர்த்தம். ஸௌம்யாவுக்குப் பாவமாக இருந்தது.

"ஸௌமி, அந்த டார்ச்சை எடுத்துண்டு வா" என்றான் ஸுதர்சன். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டு மூடியை மறுபடி திறந்தான்.

ஸௌம்யா டார்ச் அடித்தாள். உள்ளே மின்விசிறிக்கு ஒரு பொட்டு. வயர் கட்டுக்கு ஒரு பொட்டு. ஸுதர்சன் அவற்றைப் பார்த்தும் பார்க்காதவனாகக் கையை உள்ளே விட்டான். அன்றைக்கு அந்த வீட்டில் பொட்டு இல்லாத பொருள் எது? மிக்ஸி, சைக்கிள், கத்தரிக்கோல், அப்பாவின் காம்பஸ் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. வைத்தது ஸௌம்யா.

அவள் டார்ச்சை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பச்சை நிறத்தில் இரண்டு பட்டைகள் அருகருகே நின்றன. அவற்றின் தலையில் அவள் வைத்த சந்தனப் பொட்டு. அதிலிருந்து ஒரு மஞ்சள் கோடு வழிந்து, பட்டை செருகியிருந்த பள்ளத்துக்குள்ளேயே இறங்கிக் காய்ந்துபோயிருந்தது.

ஸௌம்யாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தனம் குழைத்தபோது பன்னீர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. திட்டு ஏற்கெனவே அண்ணன் வாங்கியாகிவிட்டது. ஆனால் அண்ணனின் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"அண்ணா, அங்கே பாரு. அது நான் வச்சது."

ஸுதர்சன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "மெமரிக்கா பொட்டு வச்சே?"

"நீதானே தொடைக்கும்போது சொன்னே, இதுலதான் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கும்னு. சரஸ்வதி பூஜையில ஞாபகத்துக்கு வைக்காம வேற எதுக்குப் பொட்டு வைக்கறது?"

ஸுதர்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வச்சதுதான் வச்சே, கொஞ்சம் கெட்டியாக் குழைச்சிருக்கக் கூடாதா?"

இரண்டு பட்டைகளையும் அவன் மெல்லக் கழற்றினான். அடி விளிம்பில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருந்தன. பாதிப் பற்களில் சந்தனம் அப்பியிருந்தது.

"இந்தப் பல்லெல்லாம் பளிச்சுன்னு இருந்தாத்தான் மெமரி வேலை செய்யும். அழிக்கற ரப்பரால தேய்ச்சா போயிடும்."

ஸௌம்யாவிடம் ஒரே ஒரு ரப்பர் இருந்தது. கொலு பார்க்க வந்த அலமு மாமி கொடுத்த வாசனை ரப்பர். முகர்ந்து பார்ப்பதற்கென்றே பெட்டிக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து, ஒரே ஒருமுறை முகர்ந்துவிட்டு, தேய்க்கத் தொடங்கினாள். ஸுதர்சன் ஓவியப் பிரஷ்ஷால் பள்ளங்களில் இருந்த சந்தனப் பொடியைக் கூட்டி எடுத்தான்.

"சரி, ரெண்டையும் மாட்டு. கிராபிக்ஸ் கார்டையும் கழட்டி மாட்டிடலாம். வயர் ஒண்ணு லூஸா இருக்காப்போல இருக்கு, அதையும்" என்று அவன் பரபரத்தான்.

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாதேண்ணா" என்றாள் ஸௌம்யா. "கொலுவுக்குப் போட்ட சீரியல் செட் அணைஞ்சுபோச்சே, நான் எப்படிச் சரி பண்ணினேன்? ஒவ்வொரு பல்பா மாத்தி மாத்திப் பார்த்துத்தானே. எல்லாத்தையும் கழட்டியிருந்தா எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?"

இன்ஜினீயரிங் படிக்கிற ஸுதர்சன் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரே ஒரு பட்டையை மட்டும் மாட்டினான். வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினான்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு சின்ன 'பிப்'. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"அம்மா" என்று கத்தினாள் ஸௌம்யா. அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"இன்னொரு மெமரியையும் போட்டுப் பார்த்துடறேன்" என்று ஸுதர்சன் கையை நீட்டினான். ஸௌம்யா அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"முதல்ல அம்மாவோட அன்னம் வெளியில வரட்டும். ஆராய்ச்சியெல்லாம் அப்பறம்."

ஒரே பட்டையோடு கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. இருந்தாலும் நகர்ந்தது. அன்னப்பட்சிகள் அத்தனையும் ஒரு குறையும் இல்லாமல் வந்து நின்றன. அம்மா அவற்றை ஃப்ளாப்பியில் பதிந்து எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஒரு பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய சதுரத் தகடு அது. அம்மாவின் உழைப்பு முழுக்க அதில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஸுதர்சன் இரண்டாவது பட்டையையும் மாட்டினான். பழைய வேகத்தில் இரண்டும் சமர்த்தாக வேலை செய்தன. அவனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. மறுபடி வேகத்தை ஏற்றி, போட்டுப் பார்த்தான். திரையில் மெமரியை எண்ணிக்கொண்டே வந்த எண்கள் பாதியில் அப்படியே நின்றுவிட்டன. அசையவே இல்லை.

"அடடா" என்றான் ஸுதர்சன். "நீ பொட்டே வைக்காம இருந்தாலும் இன்னிக்கு இது ஓடியிருக்காது ஸௌமி. இந்த வேகத்தை மெமரி தாங்கலை. பாதித் தப்பு உன்னுது, பாதி என்னுது."

குட்டி பேட்டரியை மறுபடி கழற்றி மாட்டி, வேகத்தை இறக்கினான். இந்த முறை அவனுக்கு ஏற்றத் தோன்றவில்லை.

அப்பா தனியாகத்தான் திரும்பி வந்தார். "கடை பூட்டிக் கிடக்கு. பூட்டுக்குக்கூடப் பொட்டு வச்சுட்டுப் போயிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், திரையில் அன்னங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யார் சரி பண்ணினா?"

"ஸௌமிதான்பா" என்றான் ஸுதர்சன். பிறகு அவள் காதருகே, "பொட்டு விஷயத்தைச் சொல்லாதே. திட்டுதான் நான் வாங்கியாச்சே" என்றான்.

ஸௌம்யா ஒரு கணம் யோசித்தாள்.

"சரி பண்ணினது ரெண்டு பேரும்பா. கெடுத்ததும் ரெண்டு பேரும்தான்" என்று ஆரம்பித்து, பன்னீர் முதல் ரப்பர் வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். மீசை துடித்தது. கோபம் என்றுதான் ஸௌம்யா நினைத்தாள். பார்த்தால், அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. நேரே சமையலறைக்குப் போனார். தானே காபி கலந்து, நுரை பொங்க ஆற்றி, ஸுதர்சன் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

"சூடா இருக்கு, பார்த்துக் குடி. நாளைக்கு எனக்குக் கேள்வித்தாள் அடிச்சுத் தரணும் நீ."

தொடவே கூடாது என்ற உத்தரவு அதோடு காணாமல் போயிற்று.

வாசலில் மொபெட் வந்து நின்றது. முனிரத்தினம் உள்ளே வந்தார்.

"இன்னாமா, ஆச்சா? அட்டை குத்துறவரு காத்துக்கினு இருக்காரு."

அம்மா திரையைக் காட்டினாள். அவர் திரையருகே குனிந்தார். அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். முனிரத்தினம் ஒவ்வொரு அன்னமாக விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு போனார்.

"எல்லா அன்னமும் முன்னாடி பாக்குது. இது ஒண்ணு மட்டும் ஏன்மா திரும்பிப் பாக்குது?"

"தப்பா இருந்தா மாத்திடறேன்" என்றாள் அம்மா பதறி.

"அய்ய, மாத்தாதீங்க. பின்னாடி வர்ற குட்டியைத்தான பாக்குது? அதுதான்மா எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது."

ஃப்ளாப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முதல் வேலை. கொஞ்சம் குங்குமம் இருந்தா கொடுங்கம்மா, இதுக்கு ஒரு பொட்டு வெச்சு எடுத்துக்கினு போறேன்."

"வேண்டாம்" என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

முனிரத்தினம் மிரண்டு போய்விட்டார். அப்பாதான் சிரித்துக்கொண்டே, "உங்க நெத்தியில வச்சுக்கோங்கோ, அதுவே போதும்" என்று குங்குமச் சிமிழை நீட்டினார்.

மொபெட் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றாள். ஸௌம்யாவும் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்த ஊர்க் கல்யாணப் பொண்ணோ தெரியாது ஸௌமி. நான் வரைஞ்ச அன்னத்தைக் கட்டிண்டு மணையில உக்காரப் போறா" என்றாள் அம்மா.

மொபெட் போய் வெகுநேரம் ஆன பிறகும் அம்மா தெருவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படிச் சிரித்து ஸௌம்யா அதற்கு முன் பார்த்ததே இல்லை.